மருந்தின் வலமும் இடமும்

மன்னார் வளைகுடாவில் எடுக்கப்படும் சங்குகளைப் பற்றி நன்கு அறிந்த ஒருவரிடம் சென்று, "ஒரு சங்கின் விலை யாது?" என்று கேட்டுப் பாருங்கள். அவர் உடனே விலை கூறமாட்டார். "இடம்புரியா, வலம்புரியா?" என்று திருப்பிக் கேட்பார். இரண்டும் ஒரே இனத்து உயிரின் ஓடுகளே. இரண்டும் ஒரே சுண்ணாம்புப் பொருளால் ஆனவை. எடையிலும், வெண்மையிலும், உறுதியிலும் வேறுபாடு இல்லை. புரி சுழலும் திசை ஒன்றே வேறு. இடம்புரி கடலில் ஏராளமாகக் கிடைக்கிறது; வலம்புரியோ கிடைத்தற்கரியது. திசை மாறியதால் விலையும் மாறிவிடுகிறது.

மருந்து இரசாயனத்திலும் இத்தகைய இடம்புரிகளும் வலம்புரிகளும் உள்ளன. அங்கே திசை மாறினால் மாறுவது விலை மட்டுமன்று. நோயாளியின் நலமே மாறிவிடக்கூடும். ஒரு மூட்டைச் சங்கில் எத்தனை வலம்புரி என்று அறிய வேண்டுமானால், மூட்டையை அவிழ்த்து ஒவ்வொன்றாகக் கையில் எடுத்துப் பார்க்கலாம். மருந்துக்கு இந்த வழி பயன்படாது. 500 மில்லிகிராம் எடையுள்ள நேப்ராக்சன் என்னும் வலி நீக்கி மருந்தில் அடங்கிய மூலக்கூறுகளின் தொகை, ஒன்று என்னும் எண்ணை எழுதி அதன் பின்னே 21 சுழிகளை இட்டால் வரும் எண்ணினும் மிகுதியானது. அவற்றுள் எத்தனை மூலக்கூறுகள் தவறான திசையில் முறுக்கியவை? கண்ணால் காணவியலாத ஒன்றின் வலத்தையும் இடத்தையும் எவ்வாறு பிரித்தெண்ணுவது? இக்கேள்விக்கு இரசாயன அறிஞர் கண்ட விடையைப் பற்றியே இன்று உங்களுடன் பேச விரும்புகிறேன். இக்கேள்வியால் ஒருமுறை நான் நாணமுற்றதும் உண்டு. அதனையும் உரிய இடத்தில் மறைக்காமல் கூறுவேன்.

முதலில் உங்கள் இரு கைகளையும் முகத்துக்கு எதிரே நீட்டிப் பாருங்கள். இரண்டிலும் ஐந்து விரல்கள். விரல்களின் வரிசையும் ஒன்றே. வலக்கையைக் கண்ணாடியின் முன் காட்டினால், கண்ணாடிக்குள் தெரிவது இடக்கையின் உருவம். எனினும் வலக்கையை இடக்கையின் மேல் வைத்து, உள்ளங்கை ஒரே பக்கம் நோக்குமாறும் விரலுக்கு விரல் பொருந்துமாறும் செய்ய எவராலும் இயலாது. தன் கண்ணாடி உருவத்தோடு பொருந்தாத இந்தத் தன்மையைக் 'கைத்தன்மை' எனலாம். கை என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லை வைத்து, 'கைரல்' என்னும் பெயரை இதற்கு 1893 ஆம் ஆண்டில் சூட்டியவர் கெல்வின் பிரபு.

மூலக்கூறுக்குக் கை ஏது என்று நீங்கள் கேட்கலாம். வீட்டிலேயே ஒரு சிறு பரிசோதனை செய்து பாருங்கள். களிமண்ணால் ஓர் உருண்டை செய்து, அதில் நான்கு ஈர்க்குச்சிகளை நான்கு திசைகளிலும் சம இடைவெளி விட்டுச் செருகுங்கள். குச்சிகளின் நுனியில் சிவப்பு, பச்சை, நீலம், மஞ்சள் என நான்கு நிற மணிகளைப் பொருத்துங்கள். அதைக் கண்ணாடியின் முன் வைத்து, உள்ளே தெரியும் உருவத்தைப் பார்த்து இன்னோர் உருண்டையும் செய்யுங்கள். பிறகு இரண்டையும் எப்படித் திருப்பினாலும் நிறத்துக்கு நிறம் பொருந்தாமை காண்பீர்கள். உருண்டைதான் கார்பன் அணு; மணிகள் அதனோடு இணைந்த நான்கு வேறு அணுக்கூட்டங்கள். கார்பனின் நான்கு பிணைப்புகள் இவ்வாறு வெளியெங்கும் விரிந்து நிற்கின்றன என்று 1874 இல் ஹாலந்து நாட்டு வான்ட் ஹாஃபும் பிரெஞ்சு அறிஞர் லெ பெல்லும் தனித்தனியே எடுத்துரைத்தனர். இவ்வாறு கண்ணாடிக்கு இப்புறமும் அப்புறமும் போல் நிற்கும் இரு மூலக்கூறுகளை 'இனான்ஷியோமர்' என்பர். நாம் 'ஆடி எதிருரு' என்று சொல்லிக்கொள்வோம்.

எதிருருக்கள் இரண்டும் ஒரே வெப்பநிலையில் உருகும். ஒரே அளவில் நீரில் கரையும். எடையில் வேறுபாடு இல்லை. இருப்பினும் நம் உடல் அவற்றை வேறாகவே அறியும். ஏனெனில் உடலே கைத்தன்மை உடையது. நம் தசையிலும் குருதியிலும் உள்ள புரதங்கள் ஒரு திசை முறுக்குடைய அமினோ அமிலங்களால் கட்டப்பட்டவை. வலக்காலுக்குத் தைத்த செருப்பு இடக்காலை உறுத்துவது போல, ஒரு திசை முறுக்குடைய புரதத்தில் மறுதிசை மூலக்கூறு சரியாகப் பொருந்துவதில்லை.

இதற்கு உங்கள் மூக்கே சாட்சி. கார்வோன் என்று ஒரு பொருள் உண்டு. அதன் ஒரு வடிவம் புதினாவின் மணத்தைத் தருவது. அதன் எதிருருவோ சதகுப்பை விதையின் மணத்தைத் தருவது. அணுக்கள் அவையே, இணைப்பும் அதுவே, முறுக்கு மட்டுமே வேறு. மூக்கில் உள்ள புரதங்கள் அந்த வேறுபாட்டைக் கணப்பொழுதில் கண்டுகொள்கின்றன.

மூக்கு கண்ட வேறுபாட்டை உடலின் பிற உறுப்புகளும் காண்கின்றன. பார்க்கின்சன் நோயாளிகளுக்கு டோபா என்னும் மருந்தை அமெரிக்காவில் ஜார்ஜ் காட்சியாஸ் என்ற மருத்துவர் கொடுத்துப் பார்த்தார். அவர் 1967 இல் வெளியிட்ட ஆய்வில் பயன்படுத்தியது இரு எதிருருக்களும் கலந்த பொருள். நோயாளிகள் பலர் நலம் கண்டனர். ஆயினும் சிலருக்குக் குருதியின் வெள்ளணுக்கள் குறைந்தன. பின்னர் 1969 இல் இட வகை எதிருருவாகிய லெவோடோபாவை மட்டும் பிரித்துக் கொடுத்த பொழுது, குறைந்த அளவிலேயே பயன் கிட்டியது. அந்தத் தீங்கும் தோன்றவில்லை. காசநோய்க்குக் கொடுக்கப்படும் எதாம்பியூட்டாலிலும் இதே நிலைதான். அதன் வலஞ்சுழி வடிவமே கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கவல்லது. இடஞ்சுழி வடிவம் மிக வலிமை குன்றியது.

ஆகவே, மருந்து செய்வோன் ஒருவன், "என் மருந்தில் சரியான வடிவம் மட்டுமே உள்ளது" என்று கூறுவானாயின், அக்கூற்றைச் சோதித்தறியும் வழி வேண்டும். அந்த வழியின் வரலாறு பாரிஸ் நகரில் தொடங்குகிறது.

சாதாரண ஒளி எல்லாத் திசைகளிலும் அதிர்வது. சில படிகங்களின் ஊடே அதைச் செலுத்தினால், ஒரே தளத்தில் அதிரும் ஒளி மட்டும் வெளிவரும். நிமிர்ந்த கம்பிகளையுடைய சன்னலின் இடைவெளியில் ஒரு கயிற்றை நுழைத்து உதறினால், மேலும் கீழுமான அலை மட்டுமே அப்புறம் செல்லுமன்றோ? அது போன்றதே இதுவும். இத்தகைய ஒளியைச் சர்க்கரைக் கரைசலிலோ டர்ப்பன்டைன் எண்ணெயிலோ செலுத்தினால், அதன் தளம் சிறிது திரும்பிவிடுகிறது என்று 1815 இல் பியோ என்ற பிரெஞ்சு அறிஞர் கண்டார். வலப்புறம் திருப்பும் பொருளை வலஞ்சுழி என்றும், இடப்புறம் திருப்பும் பொருளை இடஞ்சுழி என்றும் கூறுவர்.

திராட்சை மது புளிக்கும் பீப்பாய்களில் படியும் டார்டாரிக் அமிலம் ஒளியை வலமாகத் திருப்பும். அதே அணுக்களால் ஆன ரசீமிக் அமிலமோ ஒளியைச் சிறிதும் திருப்புவதில்லை. இப்புதிரை 1848 இல் விடுவித்தவர் 25 வயது இளைஞரான லூயி பாஸ்டர். ரசீமிக் அமிலத்தின் சோடியம் அம்மோனியம் உப்பை அவர் படிகமாக்கினார். படிகங்களை உருப்பெருக்கியின் கீழ் உற்று நோக்கினார். சில படிகங்களில் ஒரு சிறு முகப்பு வலப்புறம் சாய்ந்திருந்தது. மற்றவற்றில் இடப்புறம் சாய்ந்திருந்தது. அவர் இடுக்கியை எடுத்து, ஒவ்வொன்றாகப் பொறுக்கி இரண்டு குவியலாகப் பிரித்தார். ஒரு குவியலின் கரைசல் ஒளியை வலமாகத் திருப்பியது. மற்றது அதே அளவு இடமாகத் திருப்பியது. இரண்டையும் சம அளவில் கலந்தால், திருப்பம் மறைந்தது.

இச்செய்தி முதியவர் பியோவின் காதுக்கு எட்டியது. அவருக்கு அப்பொழுது 74 வயது. அவர் எளிதில் நம்பவில்லை. தம்மிடமிருந்த அமிலத்தையே கொடுத்து, தம் கண்முன்னே பாஸ்டரைக் கரைசல் ஆக்கச் சொன்னார். படிகம் விளைந்ததும், பிரிக்கச் சொன்னார். பிறகு கரைசலைத் தாமே தயாரித்து, தம் கருவியில் தாமே வைத்துப் பார்த்தார். திருப்பம் கண்ணுக்குத் தெரிந்த பின்னரே இளைஞரின் கையை அன்போடு பற்றிக்கொண்டார். பெரிய செய்தியாயினும் தானே அளந்து பார்க்காமல் ஏற்பதில்லை என்னும் இந்த வழக்கத்தைச் சோதனைச்சாலையில் நுழையும் ஒவ்வொரு மாணவனும் மனத்திற் கொள்ளவேண்டும்.

இங்கே ஒரு சுவையான குறிப்பையும் சொல்லவேண்டும். இவ்வுப்பு, ஏறக்குறைய 27 டிகிரி செல்சியஸுக்குக் கீழேதான் இருவகைத் தனிப் படிகங்களாகப் பிரியும். அதற்கு மேல் இரண்டும் கலந்த ஒரே வகைப் படிகமே விளையும். நம் நாட்டுச் சித்திரை மாத வெயிலில் பாஸ்டர் இதனைச் செய்திருந்தால், அவருடைய இடுக்கிக்கு வேலையே இருந்திராது!

பியோவின் கருவி வழியில் வளர்ந்ததே இன்றைய போலாரிமீட்டர். சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளியைப் போன்ற ஒரே நிறமுள்ள ஒளி, கரைசல் நிரம்பிய ஒரு குழாய், தளம் எவ்வளவு திரும்பியது என்பதை அளக்கும் பகுதி ஆகியவையே அதன் முக்கிய உறுப்புகள். குழாய் நீண்டால் திருப்பம் மிகும். கரைசல் செறிந்தாலும் மிகும். ஆகவே குழாயின் நீளத்தையும் கரைசலின் செறிவையும் கொண்டு வகுத்து வரும் எண்ணைத் 'தன் சுழற்சி' என்று கூறி, ஒவ்வொரு பொருளுக்கும் உரிய அடையாளமாகக் கொள்வர்.

இனி ஒரு சிறு கணக்கு. மருந்தில் நூற்றுக்கு 99 பங்கு சரியான வடிவமும் ஒரு பங்கு எதிருருவும் இருப்பதாகக் கொள்வோம். ஒளியின் திருப்பம் நூற்றுக்கு 99 பங்காக இருக்கும் என்று எண்ணுகிறீர்களா? அன்று, 98 பங்கே இருக்கும். எதிருருவின் ஒவ்வொரு மூலக்கூறும் தான் திருப்பாமல் நிற்பதோடு அமையாது, சரியான மூலக்கூறு ஒன்றின் திருப்பத்தையும் எதிர்த்து அழித்துவிடுகிறது. 99 இலிருந்து ஒன்றைக் கழித்துவரும் இந்த 98 என்னும் எண்ணையே 'எதிருரு மிகை' என்பர். இரண்டும் சரிபாதியானால் மிகை சுழி. பாஸ்டர் கண்ட ரசீமிக் அமிலத்தின் நிலை அதுவே. அதனாலேயே அத்தகைய கலவைக்குச் 'சுழிமாய்க் கலவை' என்று பாடநூல்களில் பெயர் வழங்குகிறது.

அப்படியானால் போலாரிமீட்டர் ஒன்றே போதுமே என்று தோன்றும். எனக்கும் ஒரு காலத்தில் அவ்வாறே தோன்றியது. இப்பொழுது, முன்னர்க் குறிப்பிட்ட என் கதைக்கு வருகிறேன்.

தொண்ணூறுகளின் இறுதியில், பட்டம் பெற்ற புதிதில், மருந்துத் தொழிற்கூடம் ஒன்றின் சோதனைச்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்தேன். ஒருநாள் நேப்ராக்சன் மருந்தின் ஒரு தொகுதி என் மேசைக்கு வந்தது. குளோரோஃபார்மில் கரைத்துப் பார்த்தால் அதன் தன் சுழற்சி வலமாக 66 டிகிரி என்பது நூல்களில் உள்ள அளவு. 63 முதல் 68 வரை இருந்தால் ஏற்கலாம் என்று எங்கள் குறிப்பேட்டில் எழுதியிருந்தது. ஒரு கிராம் மருந்தை 100 மில்லிலிட்டர் கரைசலாக்கி, பத்து செண்டிமீட்டர் நீளமுள்ள குழாயில் இட்டால், தூய பொருள் 0.66 டிகிரி திருப்பவேண்டும். என் கருவி 0.638 காட்டியது. கணக்கிட்டால் 63.8. எல்லைக்குள் இருந்தது. பொருளில் சிறிது ஈரம் தங்கியிருக்கும், அதனால் குறைகிறது என்று எனக்கு நானே காரணம் கற்பித்துக்கொண்டு, 'தகுதியானது' என்று எழுதிக் கையொப்பமும் இட்டுவிட்டேன்.

எங்கள் தலைமைச் சோதனையாளர் முதியவர், அதிகம் பேசாதவர். தாளைப் பார்த்தார்.

"தம்பி, ஈரம் என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? ஈரத்தை அளந்தீர்களா?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா. ஆனால் அளவு எல்லைக்குள் இருக்கிறது" என்றேன்.

"நூற்றுக்கு மூன்று பங்குக்குச் சற்று மேல் நீர் இருந்தாலும் 63.8 வரும். நூற்றுக்கு ஒன்றரைப் பங்குக்குச் சற்று மேல் எதிருரு இருந்தாலும் அதே 63.8 வரும். உங்கள் கருவி இவற்றுள் எதைச் சொல்கிறது?"

நான் வாய் திறக்கவில்லை. கருவி இரண்டையும் சொல்லவில்லை. மொத்தத்தை மட்டுமே சொல்லியது. கூடை ஒன்றை நிறுத்துப் பார்த்து, அதற்குள் உள்ள நல்ல காய் எத்தனை, அழுகிய காய் எத்தனை என்று கூறுபவனைப் போல் நான் கூறியிருந்தேன். அன்று மாலை அதே மருந்தைப் பிரித்துப் பார்க்கும் கருவியில் இட்டோம். நூற்றுக்கு 1.7 பங்கு எதிருரு இருந்தது. நாங்கள் வைத்திருந்த வரம்போ நூற்றுக்கு அரைப் பங்கு. ஈரம் ஏறக்குறைய இல்லை. படிகத்தைக் கழுவும் வேலையை யாரோ அவசரமாக முடித்திருக்கிறார்கள் என்று பின்னர்த் தெரிந்தது. தொகுதி முழுவதும் மீண்டும் கரைக்கப்பட்டுப் படிகமாக்கப்பட்டது. என் கையொப்பம் அடித்துத் திருத்தப்பட்டது. அம்மருந்தை வாங்கி விழுங்கவிருந்த எவரும் என் முகத்தை அறியார். நானும் அவர்களை அறியேன். ஆயினும் அவர்களுக்கும் எனக்கும் இடையே இருந்தது அந்த ஒரு கையொப்பந்தான் என்பதை அன்று உணர்ந்தேன்.

பிரித்துப் பார்க்கும் கருவி என்றேனே, அது எவ்வாறு பிரிக்கிறது? ஒன்றுபோல் உருகி, ஒன்றுபோல் கரையும் இரண்டை எதைக் கொண்டு பிரிப்பது? இதற்கு விடை ஒரே வரியில் அடங்கும்: கைத்தன்மையை அறியவல்லது கைத்தன்மை உடைய மற்றொன்றே. இருட்டறையில் ஒருவர் உங்களிடம் கையை நீட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கோலை நீட்டித் தொட்டால், அது வலக்கையா இடக்கையா என்று தெரியாது. உங்கள் வலக்கையைக் கொடுத்துக் குலுக்கினால் உடனே தெரிந்துவிடும். வலக்கையும் வலக்கையும் நன்கு பொருந்தும். வலக்கையும் இடக்கையும் பொருந்தா.

இக்கருத்தைச் செயலாக்கும் வழிகள் இரண்டு. முதல் வழி, மருந்தின் மூலக்கூறோடு கைத்தன்மையுள்ள வேறொரு பொருளை இணைத்துவிடுவது. அவ்வாறு இணைந்தபின் கிடைக்கும் இரண்டும் கண்ணாடி உருக்கள் அல்ல. வல-வல இணை ஒன்று, இட-வல இணை ஒன்று. அவற்றின் தன்மைகள் வேறுபடும். அமெரிக்க அறிஞர் மோஷரும் அவர் தோழர்களும் 1969 இல் விளக்கிய அமிலம் இவ்வகையில் புகழ் பெற்றது. இணைத்த பொருளை அணுக்கருக் காந்த ஒத்ததிர்வுக் கருவியில் வைத்தால், ஒரு கோடு தோன்ற வேண்டிய இடத்தில் இரு கோடுகள் தோன்றும். அவற்றின் பரப்பை ஒப்பிட்டால் வலமும் இடமும் எவ்வளவு என்பது விளங்கும். இவ்வழியில் ஓர் எச்சரிக்கை உண்டு. இணைக்கும் பொருளே நூற்றுக்கு 99 பங்குதான் தூயது என்றால், மருந்து முற்றும் தூயதாயினும் ஒரு பங்கு மாசு இருப்பதாகவே கருவி காட்டும். குறையுள்ள எடைக்கல்லால் நிறுத்தால், பிழை பண்டத்தின் மேல் ஏறிவிடும் அன்றோ?

இரண்டாம் வழி, இணைக்காமலே பிரிப்பது. இதனைக் குரோமடோகிராபி அல்லது வண்ணப்பிரிகை என்பர். மெல்லிய எஃகுக் குழாயில் நுண்ணிய மணல் போன்ற சிலிக்காத் துகள்களை இறுக நிரப்புவர். குழாயின் நீளம் பெரும்பாலும் 25 செண்டிமீட்டர். உட்புறக் குறுக்களவு ஐந்து மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. துகள்களின் மேல் கைத்தன்மையுள்ள ஒரு பொருளைப் பூசியிருப்பர். மருந்துக் கரைசலின் ஒரு துளியை ஒரு முனையில் செலுத்தி, திரவத்தை அழுத்தத்தோடு ஓடவிடுவர். ஓடும் மூலக்கூறுகள் வழிநெடுகப் பூச்சோடு கைகுலுக்கிக்கொண்டே செல்கின்றன. நன்கு பொருந்தும் வடிவம் ஒவ்வொரு குலுக்கலிலும் சற்று அதிகம் தங்குகிறது. பொருந்தாத வடிவம் விரைந்து விலகுகிறது. ஒருமுறை ஏற்படும் தாமதம் மிகச் சிறிது. ஆயிரக்கணக்கான முறை திரும்பத் திரும்ப நேர்வதால், குழாயின் மறுமுனையில் ஒன்று முன்னும் மற்றொன்று சில நிமிடம் பின்னுமாக வெளிவருகின்றன.

இத்துறையில் பலர் உழைத்துள்ளனர். இஸ்ரேலில் உள்ள வைஸ்மன் ஆய்வுக்கழகத்தின் கில்-ஆவ் குழுவினர் 1966 இல் அமினோ அமில எதிருருக்களை வாயு வண்ணப்பிரிகையால் பிரித்துக் காட்டினர். அமெரிக்காவில் வில்லியம் பிர்க்கில் திரவ முறைக்குரிய பூச்சுக்களை வகுத்தார். ஜப்பானில் யோஷியோ ஒக்கமோட்டோ 1980களில் கண்ட பூச்சு இன்று உலகெங்கும் பயன்படுகிறது. அதன் மூலப்பொருள் யாது தெரியுமா? பருத்தியில் உள்ள செல்லுலோஸ்! நாம் உடுத்தும் பருத்தி ஆடையின் இழையும் கைத்தன்மை உடைய சர்க்கரை மூலக்கூறுகளால் கோக்கப்பட்ட சங்கிலியே. அதைச் சிறிது மாற்றிச் சிலிக்காவின் மேல் பூசினால், எண்ணற்ற மருந்துகளின் வலத்தையும் இடத்தையும் பிரித்துத் தருகிறது. மாவுப்பொருளில் உள்ள அமைலோஸும் இவ்வாறே உதவுகிறது.

வெளிவரும் திரவம் புற ஊதா ஒளியின் பாதையைக் கடக்கும்போது, மருந்து அவ்வொளியை உறிஞ்சும்; தாளில் ஒரு குன்று வரையப்படும். எதிருருக்கள் இரண்டும் இவ்வொளியைச் சரிசமமாகவே உறிஞ்சுவன. ஆகவே குன்றுகளின் பரப்பு விகிதமே மூலக்கூறுகளின் விகிதம். நீர் இருந்தால் அது இக்கணக்கில் சேர்வதில்லை. மூட்டையை அவிழ்த்துச் சங்குகளை எண்ணுவதற்கு இதுவே ஈடு. ஆயிரத்தில் ஒரு பங்கு எதிருரு இருந்தாலும் இம்முறையால் அறியலாம். அதே ஒரு பங்கைப் போலாரிமீட்டரில் தேடினால், நான் சொன்ன கரைசலில் 0.0013 டிகிரி வேறுபாடே தோன்றும். அறையின் வெப்பம் சிறிது மாறினாலும், எடையிடுவதில் சிறிது தவறினாலும் அவ்வேறுபாடு மூழ்கிப்போகும்.

எனினும் இக்கருவியையும் கண்மூடி நம்பலாகாது. முதலில் சுழிமாய்க் கலவையைச் செலுத்தி, இரு குன்றுகள் எங்கெங்கே எழுகின்றன என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வாறு பார்க்காமல், 'ஒரே குன்றுதான் தோன்றியது, ஆகவே தூயது' என்பது பெரும் பிழை. இரண்டும் பிரியாமல் ஒன்றன் அடியில் ஒன்று ஒளிந்திருக்கலாம். பெரிய குன்று முன்னே வந்து நீண்ட வாலை இழுத்துச் சென்றால், பின்னே வரும் சிறு குன்று அதில் மறைந்துவிடும். சிறியது முன்னே வருமாறு பூச்சைத் தேர்ந்தெடுப்பது அறிவுடைமை. தெரிந்த அளவு எதிருருவை வேண்டுமென்றே கலந்து, கருவி அதே அளவைத் திருப்பிச் சொல்கிறதா என்றும் பார்க்கவேண்டும். சில மருந்துகள் வெப்பத்தாலோ காரத்தாலோ திசை மாறிவிடும்; கரைசல் ஆக்கும் நம் கையே மாசை உண்டாக்கிவிடாமல் காத்துக்கொள்ள வேண்டும்.

இத்தனை கவலையும் எதற்கு என்று கேட்போருக்கு ஒரு துயர வரலாற்றை நினைவூட்டுவது கடமை. மேற்கு ஜெர்மனியில் 1957 இல் தாலிடோமைடு என்ற தூக்க மருந்து விற்பனைக்கு வந்தது. கருவுற்ற மகளிர் அதனை உட்கொண்டதால், கை கால் குறைந்த குழந்தைகள் பல நாடுகளில் பிறந்தன; அவர்களின் தொகை பத்தாயிரத்துக்கு மேல் என்பர். 1961 நவம்பரில் அம்மருந்து அங்கு நிறுத்தப்பட்டது. அமெரிக்க அரசின் மருந்துத் துறையில் இருந்த பிரான்சிஸ் கெல்சி என்ற அம்மையார், 'சான்று போதாது' என்று கூறி அனுமதி தர மறுத்தமையால் அந்நாட்டில் பேரிடர் தவிர்க்கப்பட்டது.

அது இரு எதிருருக்களும் கலந்த மருந்து. ஒரு வடிவத்தாலேயே கேடு விளைந்தது, மற்றதை மட்டும் பிரித்துக் கொடுத்திருந்தால் ஒரு குழந்தைக்கும் குறை நேர்ந்திராது என்று பல நூல்களில் படிப்பீர்கள். அது முழு உண்மை அன்று. தாலிடோமைடின் ஒரு வடிவம் உடலுக்குள் சென்றதும் சில மணி நேரத்தில் மற்ற வடிவமாக மாறத் தொடங்கிவிடுகிறது. குப்பியில் எவ்வளவு தூய்மை இருந்தாலும் குருதியில் அது நிலைக்காது. ஐபியூபுரூஃபன் என்னும் வலி நீக்கியிலோ இதே மாற்றம் நன்மையாக அமைகிறது. பயனற்ற வடிவத்தில் பெரும்பங்கை உடலே பயனுள்ள வடிவமாக மாற்றிக்கொள்கிறது. அதனால் அது இன்றும் பெரும்பாலும் கலவையாகவே விற்கப்படுகிறது. ஆகவே மருந்தைக் குப்பியில் அளப்பதோடு நில்லாமல், உடலில் இரு வடிவங்களும் என்ன ஆகின்றன என்பதையும் தனித்தனியே அளந்தறிய வேண்டும். அமெரிக்க அரசின் மருந்துத் துறை 1992 இல் வெளியிட்ட கொள்கை அறிக்கையும் இதனையே வற்புறுத்துகிறது.

இன்று ஒரு வடிவத்தை மட்டுமே ஆக்கும் கலையும் வளர்ந்துவிட்டது. லெவோடோபாவை அவ்வாறு ஆக்கும் வழி கண்ட வில்லியம் நோல்ஸ், 2001 இல் நொயோரி, ஷார்ப்லெஸ் ஆகிய இருவரோடு நோபல் பரிசு பெற்றார். ஆயினும் ஆக்கியவர் எவராயினும், 'ஆயிற்று' என்று கூறும் உரிமை அளந்து பார்த்தவருக்கே உண்டு.

முடிக்குமுன் சங்குக்குத் திரும்புவோம். நாம் வலம்புரி என்று போற்றும் சங்கை, விலங்கியல் அறிஞர்கள் இடப்புரி என்றே எழுதுவர். அவர்கள் சங்கின் கூர்ந்த உச்சியை மேலே வைத்துப் பார்க்கிறார்கள். நாம் அதைத் தலைகீழாகப் பிடித்துப் பார்க்கிறோம். பொருள் ஒன்றே, பெயர் மட்டும் பார்ப்பவர் பிடிக்கும் விதத்தால் மாறுகிறது. மருந்தின் குப்பியில் எழுதிய பெயரும் அத்தகையதே. பெயரை எவரும் எழுதலாம். உள்ளே இருப்பது எது, எவ்வளவு என்பதை அளந்தே அறியவேண்டும். மாணவ நண்பர்களே, நாளை உங்களுள் ஒருவர் சோதனைச்சாலையில் அமர்ந்து, ஒரு தாளின் அடியில் கையொப்பமிட எழுதுகோலை எடுக்கும்பொழுது, "ஈரத்தை அளந்தீர்களா?" என்று அன்று ஒரு முதியவர் என்னைக் கேட்ட கேள்வியை நினைத்துக்கொள்ளுங்கள். அக்கேள்விக்கு உங்களிடம் விடை இருக்குமாயின், தைரியமாகக் கையொப்பமிடலாம்.